ஒளியை எதைக் கொண்டு அளப்பது: கண்ணா, மீட்டரா, கேமராவா?

ஒரு மேசை, ஒரு விளக்கு, நான்கு கருவிகள். மேசைமேல் வைத்த லக்ஸ் மீட்டர் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் சொல்லும் கருவி) 410 என்றது. அதே இடத்தில் கைபேசியை மல்லாக்க வைத்து ஒரு செயலியைத் திறந்தேன், 265 என்றது. புகைப்படக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், வெள்ளைக் குமிழ் வைத்த ஒளிமானி 7.4 ஈ.வி. (புகைப்படக்காரர்களின் வெளிச்ச எண்) என்றது; கணக்குப் போட்டால் 420 லக்ஸ் வருகிறது. கேமராவோ மேசையில் கிடந்த வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு, லக்ஸ் மீட்டர் சொன்னதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சம் இருப்பதாகச் சாதித்தது.

இதில் எது சரி என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் கேட்டேன். கேள்வியே கோணல் என்று பிறகுதான் புரிந்தது. நான்கும் பார்த்தது ஒரே ஒளியை. ஆனால் ஒவ்வொன்றும் அதை வேறொன்றோடு ஒப்பிட்டது. ஒளியை அளப்பது என்றால் எப்போதுமே இன்னொன்றோடு ஒப்பிடுவதுதான். எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் ஒளியை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

ஒப்பிடுவது என்றதும் ப்யேர் பூகே நினைவுக்கு வருகிறார். சூரியன் முழு நிலவைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்று 1720களில் அளக்க முயன்ற பிரெஞ்சுக்காரர். அவரிடம் இருந்தவை மெழுகுவத்தியும் இரண்டு கண்களும். நம் கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. "இது அதைப்போல் ஏழு மடங்கு பிரகாசம்" என்று அதனால் ஒருநாளும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வெளிச்சத் திட்டுகளை அக்கம்பக்கமாக வைத்து, இரண்டும் சமமா என்று கேட்டால் கறாராகச் சொல்லிவிடும். பூகே அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டார். சூரிய ஒளியை வலுக்குறைத்து ஒரு திட்டாக்கி, மெழுகுவத்தி ஒளியை அதற்குச் சமமாக்கினார். நிலவுக்கும் அப்படியே செய்தார். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்ற விதி மீதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டது. கிடைத்த விடை சுமார் 3 லட்சம் மடங்கு. இன்றைய மதிப்பு சுமார் 4 லட்சம். மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியிருக்கிறார்! கருவி எளியதாக இருந்தாலும் ஒப்பீடு சரியாக அமைந்தால் போதும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

மனிதக் கண்ணோடு ஒப்பிடும் லக்ஸ் மீட்டர்

லக்ஸ் என்பது தூய இயற்பியல் அலகு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாட் பச்சை ஒளியும் ஒரு வாட் சிவப்பு ஒளியும் ஆற்றலில் சமம், கண்ணுக்குச் சமமில்லை. 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையில் ஒரு வாட்டுக்கு 683 லூமென் (கண் உணரும் ஒளியின் அலகு) என்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சிவப்புப் பக்கம் போனாலும் நீலப் பக்கம் போனாலும் லூமென் சரிகிறது, அகச்சிவப்பில் பூஜ்யம். கண்ணின் இந்த உணர்திறன் வளைகோட்டைப் பலருடைய பார்வையைச் சோதித்து, சராசரி எடுத்து, 1924ல் சர்வதேச ஒளியியல் ஆணையம் நிர்ணயித்தது. ஆக, ஒவ்வொரு லக்ஸ் மீட்டரும் தன்மேல் விழும் ஒளியை அந்தச் சராசரி மனிதக் கண்ணோடு ஒப்பிடுகிறது.

மீட்டருக்குள் இருப்பது ஒரு சிலிக்கான் ஃபோட்டோடையோடு, ஒளியை மின்னோட்டமாக்கும் சில்லு. சிலிக்கானுக்கு மனித ரசனை கிடையாது; நமக்குத் தெரியாத அகச்சிவப்பைத்தான் அது விரும்பிச் சாப்பிடும். அதன் முன்னால் ஒரு பச்சை வடிகட்டியை வைத்து மனிதக் கண்ணைப்போல் நடிக்க வைக்கிறார்கள். நல்ல மீட்டருக்கும் மட்டமான மீட்டருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த நடிப்பில்தான் இருக்கிறது. மீட்டர்களைப் பழைய குண்டுபல்பு வகை ஒளியில் திருத்துவது வழக்கம். அதனால் அந்த வெளிச்சத்தில் எல்லா மீட்டரும் ஓரளவு ஒத்துப்போகும். நீல எல்இடி, சிவப்பு எல்இடி என்று போனால் மட்டமான மீட்டரின் சாயம் வெளுத்துவிடும். வெள்ளை எல்இடி விளக்குகளை மட்டும் அளக்கப் போகிறீர்கள் என்றால் இதற்காக அவ்வளவு கவலைப்பட வேண்டாம். மேடை விளக்கு, வண்ண விளக்கு என்றால் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது விஷயம் அந்த வெள்ளைக் குமிழ் அல்லது வட்டத் தகடு. அலங்காரமாகத் தெரியும், மீட்டரின் உயிரே அதில்தான் இருக்கிறது. நேர்மேலிருந்து வரும் ஒளியைவிட 60 டிகிரி சாய்ந்து வரும் ஒளி மேசையில் பாதி வெளிச்சத்தைத்தான் தரும். தகடு அந்தக் கணக்கைச் சரியாகச் செய்ய வேண்டும். கைபேசி தோற்பது இங்கேதான். அதன் ஒளி உணரி கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு துளையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டு ஒளி அதற்குச் சரியாக எட்டாது. திரையின் பிரகாசத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைத்த உணரி அது, அந்த வேலைக்கு அது போதும். என் மேசையில் அது 265 என்று சொன்னதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை. ஒரே கைபேசியை ஒரே விதமாகப் பிடித்து, இந்த மூலை அந்த மூலையைவிட இருட்டா என்று பார்க்கலாம். அந்த எண்ணை அறிக்கையில் எழுத வேண்டாம்.

அப்படியானால் லக்ஸ் மீட்டர் யாருக்கு? லக்ஸில் எழுதிய ஒரு வரையறையைச் சரிபார்க்க வேண்டியவர்களுக்கு. அலுவலக மேசைக்கு 500 லக்ஸ், ஒளியால் எளிதில் கெடும் ஓவியங்களுக்கும் துணிகளுக்கும் அருங்காட்சியகத்தில் 50 லக்ஸ் என்று விதி எழுதியிருந்தால், அதே அலகில் பேசும் கருவிதான் வேண்டும். (அருங்காட்சியக விஷயத்தில் ஒரு பொறி உண்டு. ஓவியத்தை அதிகம் கெடுக்கும் புற ஊதாக் கதிர் லக்ஸ் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தனி மீட்டர் வேண்டும்.) பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ், முழு நிலவு உச்சியில் இருக்கும்போதுகூட 0.3 லக்ஸைத் தாண்டாது. சாதாரண மீட்டர் அங்கே பூஜ்யத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இரவு வானத்துக்கு லக்ஸ் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

செடி வளர்ப்பவர்கள் இதை வாங்கி ஏமாறுவதையும் பார்க்கிறேன். செடிக்கு மனிதக் கண் கிடையாது. நமக்கு மங்கலாகத் தெரியும் சிவப்பை அது நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) எண்ணும் கருவிதான் செடிக்கு ஏற்றது. சூரியத் தகடு வைப்பவர்களுக்கும் லக்ஸ் பொருந்தாது. அவர்களுக்குத் தேவை சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பது, அதாவது ஒளியை வெப்பமாக்கி அளக்கும் தெர்மோபைல் வகைக் கருவி. 1800ல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் சிவப்புக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்து, அங்கேயும் பாதரசம் ஏறுவதைக் கண்டாரே, அந்த வழியில் வந்த கருவி. நிறத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை, அதனால்தான் அது நேர்மையானது, மெதுவானதும்கூட.

நடுச்சாம்பலோடு ஒப்பிடும் கேமரா

புகைப்படக்காரரின் கேள்வி வேறு. எத்தனை லக்ஸ் என்பது அவருக்குத் தேவையில்லை. முகம் முகமாக வர ஷட்டரையும் லென்ஸ் துளையையும் எங்கே வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பார்க்கிறது. எதிரே இருப்பது எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு என்று அதற்குத் தெரிய வழியில்லை. எல்லாவற்றையும் கலந்தால் நடுச்சாம்பல் வரும் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. பனியைக் காட்டினால் பனி சாம்பலாகும். கரும்பூனையைக் காட்டினால் பூனையும் சாம்பலாகும். என் மேசையில் நான்கு மடங்கு என்று சாதித்ததும் இதனால்தான்: வெள்ளைத் தாளைச் சாம்பல் தாள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சாம்பல் தாள் இவ்வளவு மின்ன வேண்டுமானால் விளக்கு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டிருக்கிறது. அந்த நடுச்சாம்பல் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் சாம்பலா, 12 சதவீதத்தைத் திருப்பும் சாம்பலா என்று புகைப்படக்காரர்கள் பல்லாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வித்தியாசம் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). சண்டைதான் அதைவிடப் பெரியது.

இந்தத் தவற்றுக்கு மிக அழகான உதாரணம் நிலவு. நிலவின் தரை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது; தேய்ந்த தார்ச்சாலை அளவுக்குக் கறுப்பு. ஆனால் அதன்மேல் விழுவது நம் நண்பகல் வெயிலேதான். சட்டத்தின் பெரும்பகுதி கரிய வானமாக இருப்பதால் கேமரா மீட்டர் எல்லாம் ஒரே இருட்டு என்று எண்ணி ஒளியை வாரி வழங்க, நிலவு வெறும் வெள்ளைத் தட்டாகிவிடுகிறது. வெயிலுக்கான பழைய விதி என்ன? ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் நூறில் ஒரு விநாடி, துளை எஃப் 16. முழு நிலவுக்கு அதே எண்கள், துளை மட்டும் சற்றுப் பெரிதாக, எஃப் 11. மீட்டரே இல்லாமல் முடிகிற வேலை இது. மீட்டரை நம்பினால்தான் கெடுகிறது.

கையில் பிடிக்கும் இன்சிடென்ட் மீட்டர் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. வெள்ளைக் குமிழை ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, கேமராவைப் பார்க்கத் திருப்பி அளக்கிறோம். அது பார்ப்பது விழும் ஒளியை மட்டும். எதிரே பனியா பூனையா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. பனி வெள்ளையாகவும் பூனை கறுப்பாகவும் தானே வந்துவிடும். கேட்கும்போது இதுதான் சிறந்தது என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

சிக்கல்கள் பிறகு தெரியவந்தன. முதலாவது, மீட்டர் பொருளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிர் மலையில் வெயில் அடிக்க நான் மேக நிழலில் நின்றால், என் கையிலுள்ள மீட்டர் என் நிழலைத்தான் அளக்கும். இரண்டாவது, லென்ஸுக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும் மேக்ரோ வேலையில் ஒளி கால் பங்காகிவிடும். கேமரா மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதால் அதைத் தானே சரிக்கட்டிவிடும். கை மீட்டரை நம்பினால் இரண்டு ஸ்டாப் இருட்டான படம் வரும். ஒரு நாள் முழுக்க அப்படி இருட்டுப் பூச்சிகளாகச் சேர்த்துக்கொண்டு வந்தவன் நான். லென்ஸ் முன்னால் போடும் வடிகட்டிக்கும் இதே கதைதான்.

மூன்றாவது வகை ஸ்பாட் மீட்டர். ஒரு டிகிரி அகல வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் அளக்கும். நிழலில் ஓர் எண், வெளிச்சத்தில் ஓர் எண் எடுத்து, எந்த இடம் எவ்வளவு கறுப்பாக வர வேண்டும் என்று நீங்களே முடிவெடுக்கலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறை இப்படி யோசிப்பவர்களுக்கானது. நிதானமாக, முக்காலியில் வைத்து, ஃபிலிமில் எடுப்பவருக்கு இது பொக்கிஷம். ஓடும் குழந்தையைப் படம் பிடிப்பவருக்கு வெறும் பாரம்.

என் தீர்ப்பு இதுதான். டிஜிட்டல் கேமரா வைத்திருந்து, தொடர் வெளிச்சத்தில் படம் எடுப்பவர் தனி மீட்டர் வாங்க வேண்டியதில்லை. எடுத்த மறுநொடியே ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம், கறுப்பு முதல் வெள்ளை வரை ஒவ்வொரு பிக்சலும் எங்கே விழுந்தது என்று காட்டிவிடுகிறது. லட்சக்கணக்கான ஸ்பாட் மீட்டர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்குச் சமம். கை மீட்டர் இன்றும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காத வேலைகள் இரண்டு. ஒன்று ஸ்டூடியோ ஃப்ளாஷ். கையால் அளவு வைக்கும் ஃப்ளாஷ் வெடிக்கும் முன் கேமரா மீட்டருக்கு அங்கே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று ஃப்ளாஷ்களைத் தனித்தனியாக அளந்து விகிதம் அமைக்க ஃப்ளாஷ் மீட்டர் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும். மற்றொன்று ஃபிலிம், அதிலும் ஸ்லைடு ஃபிலிம். அரை ஸ்டாப் பிசகினாலே முகம் வெளுத்துவிடும். சினிமாவில் லென்ஸ்களை எஃப் எண்ணுக்குப் பதில், உண்மையில் கடந்துவரும் ஒளியைச் சொல்லும் டீ எண்ணில் குறிப்பதும் கை மீட்டர் சொல்வதை அப்படியே நம்பி வேலை செய்வதற்காகத்தான்.

பழைய மீட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1930களில் வந்த செலீனியம் மீட்டருக்கு பேட்டரியே வேண்டாம், ஒளியே முள்ளைத் தள்ளும். ஆனால் பல ஆண்டுகள் போனதும் செலீனியம் களைத்துவிடுகிறது, மங்கலான இடத்தில் முள் அசையவே அசையாது. பின்னால் வந்த காட்மியம் சல்ஃபைடு மீட்டர்கள் இருட்டில் நன்றாக வேலை செய்தன. ஆனால் பிரகாசமான இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் அந்த நினைப்பிலேயே தப்பாகச் சொல்லும். அவற்றில் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்தவை. அது இப்போது கிடைப்பதில்லை, 1.55 வோல்ட் வெள்ளி பேட்டரியைப் போட்டால் மீட்டர் உற்சாகமாகத் தவறு செய்யும்.

பக்கத்து விண்மீனோடு ஒப்பிடுவது

வானியலில் ஒப்பீடு ஒளிவுமறைவே இல்லாமல் நடக்கிறது. விண்மீன்களின் பிரகாசத்தைச் சொல்லும் பொலிவெண் தலைகீழ் அளவு: எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று 1856ல் நார்மன் போக்சன் வகுத்தார். ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு. சூரியன் மைனஸ் 26.7, முழு நிலவு மைனஸ் 12.7, சிரியஸ் மைனஸ் 1.46, வெறுங்கண்ணின் எல்லை சுமார் 6. பூகே மெழுகுவத்தியை வைத்துத் தேடிய விடை இதில் முதல் இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது: 14 பொலிவெண் வித்தியாசம்.

பிரகாசம் மாறும் விண்மீன்களை அளக்க விரும்புகிறவருக்கு முன்னால் உள்ள முதல் வழி வெறுங்கண். கேலிக்குச் சொல்லவில்லை. 1911ல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கண் மதிப்பீடுகள் சேர்ந்திருக்கின்றன. முறை எளிது. வரைபடத்தில் பக்கத்திலுள்ள, பொலிவெண் தெரிந்த இரண்டு விண்மீன்களைப் பிடியுங்கள், ஒன்று கொஞ்சம் கூடுதல், ஒன்று கொஞ்சம் குறைவு. உங்கள் விண்மீன் இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது? பழகிய கண் 0.1 முதல் 0.2 பொலிவெண் வரை சரியாகச் சொல்லும். சிவப்பு விண்மீனை வெறித்துப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்க அது பிரகாசமாவதுபோல் தோன்றும். ஓரப் பார்வையில் சட்டென்று பார்த்துவிட்டு எழுதிவிட வேண்டும்.

2019 கடைசியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் சுமார் 1.6 பொலிவெண்ணுக்கு இறங்கியது. வழக்கமான பிரகாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்த மாற்றம். பெரிய தொலைநோக்கிகளுக்கு இவ்வளவு பிரகாசமான விண்மீன் தலைவலி. சென்சார் நிரம்பி வழிந்துவிடும். அங்கே கண்ணும் சாதாரண கேமராவும் நல்ல கருவிகளே.

கண் எங்கே தோற்கும் என்பதற்கு அல்கால் விண்மீன் இருக்கிறது. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி, இரண்டு நாள் 21 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒருமுறை மறைத்துக்கொள்கின்றன. பொலிவெண் 2.1லிருந்து 3.4க்கு இறங்குவதை யாரும் பார்க்கலாம். ஆனால் மங்கலான விண்மீன் பின்னால் போகும்போதும் ஒரு சிறு சரிவு இருக்க வேண்டுமே? அது 0.1 பொலிவெண்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தவர்களுக்குச் சிக்காத அந்தச் சரிவை 1910ல் ஜோயல் ஸ்டெபின்ஸ் ஒரு செலீனியம் உணரியைத் தொலைநோக்கியில் மாட்டிப் பிடித்துவிட்டார். நீங்கள் தேடும் மாற்றம் 0.2 பொலிவெண்ணுக்கு மேலா கீழா? கண்ணா கருவியா என்பதை இந்த ஒரு கேள்வியே முடிவு செய்துவிடும்.

அடுத்த படி கையில் இருக்கும் கேமரா. முக்காலி போதும். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில்) எடுத்து, பச்சை பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்தால், அது வானியலாளர்கள் பச்சைப் பகுதி ஒளிக்கு வைத்திருக்கும் வி வடிகட்டிக்கு ஓரளவு நெருங்கி வருகிறது. கவனமாகச் செய்தால் 0.02 பொலிவெண் கைக்கு எட்டும். கண்ணைவிட ஐந்து முதல் பத்து மடங்கு நுட்பம். ஒரு தந்திரம் மட்டும் புதியவர்களை அதிர வைக்கும்: ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுக்க வேண்டும். கூர்மையான விண்மீன் இரண்டு மூன்று பிக்சலில் விழுந்து, அவை சிவப்பா பச்சையா என்ற அதிர்ஷ்டத்தில் எண் ஆடும். பரவிய விண்மீன் பல பச்சை பிக்சல்களில் விழுவதால் ஆட்டம் அடங்கும், நிரம்பி வழிவதும் குறையும். அழகான படம் வேண்டுமா, நம்பத்தகுந்த எண் வேண்டுமா என்றால் இங்கே இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

குளிரூட்டிய கறுப்பு வெள்ளை கேமராவும் தொலைநோக்கியும் எப்போது தேவை? ஒரு சதவீத மாற்றத்தைத் தேடும்போது. 1999ல் எச்டி 209458 என்ற விண்மீன் முன்னால் அதன் கோள் கடந்து, ஒளி ஒன்றரை சதவீதம் குறைந்ததைப் பத்து சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றே பதிவு செய்தது. இங்கே நமக்கு எதிரி ஒளியின் இயல்பேதான். ஃபோட்டான்கள் மழைத்துளிபோல் ஒழுங்கில்லாமல் விழுகின்றன. 10,000 எண்ணினால் நூறு முன்னே பின்னே, அதாவது ஒரு சதவீதம். 0.1 சதவீதம் வேண்டுமானால் பத்து லட்சம் எண்ண வேண்டும். ஒரு பிக்சலில் சில பத்தாயிரம் எலக்ட்ரான்களுக்குமேல் கொள்ளாது, எனவே பல பிக்சல், பல படம் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சூரியனை பூமி கடப்பது போன்ற ஒன்றைப் பிடிக்க, பத்து லட்சத்தில் 84 பங்கு மாற்றத்தைப் பார்க்க வேண்டும். நம் காற்று மண்டலம் அதற்கு விடாது. 2009ல் கெப்ளர் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பியது அதற்காகத்தான்.

கேமரா சென்சாரில் சிசிடி வகையா, சீமாஸ் வகையா என்ற பழைய சண்டை புதிதாக வாங்குகிறவருக்கு முடிந்துவிட்டது. 1969ல் பிறந்த சிசிடி, ஒளியில் ஒரு சதவீதம்போலத்தான் பயன்படுத்திய புகைப்படத் தகட்டை வானியலிலிருந்து வெளியேற்றியது. அதைச் செய்த பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009ல் நோபல் கிடைத்தது. இன்றைய சீமாஸ் வேகமானது, வாசிப்பு இரைச்சல் குறைந்தது, எளிதில் கிடைப்பது. சீமாஸ் வாங்குங்கள். குளிரூட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் வெப்பநிலை 6, 7 டிகிரி குறையும்போதெல்லாம் இருட்டு மின்னோட்டம் (ஒளியே இல்லாதபோதும் சென்சாரில் சேரும் மின்னூட்டம்) பாதியாகிறது. கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை வி வடிகட்டிக்கு எடுத்து வையுங்கள். அது இல்லாமல் எடுத்த எண்ணை வேறொருவரின் எண்ணோடு சேர்க்க முடியாது. ஒரு ஃபோட்டானையும் மின்துடிப்பாகப் பெருக்கிக் காட்டும் ஃபோட்டோமல்ட்டிப்ளையர் குழாய் வீட்டு வானியலுக்கு இனி வேண்டாம். 1953ல் ஜான்சனும் மார்கனும் வகுத்த யூ, பி, வி அளவுகோலே அந்தக் குழாயை வைத்துப் பிறந்தது என்ற மரியாதையோடு விட்டுவிடலாம். பெரிய பரப்பில், நானோவிநாடி வேகத்தில், ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்க அதற்கு இன்னும் ஈடில்லை. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே நியூட்ரினோ நிலையத்தில் 11,000க்கும் மேற்பட்ட குழாய்கள் தண்ணீரைச் சுற்றி நின்று காத்திருக்கின்றன.

எந்தக் கருவி என்றாலும் ஒப்பீட்டு விண்மீன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உச்சியில் இருக்கும்போதே காற்று சுமார் 0.2 பொலிவெண்ணை விழுங்குகிறது. 30 டிகிரி உயரத்துக்கு இறங்கினால் அது இரண்டு மடங்கு. இரண்டு விண்மீன்களும் ஒரே சட்டத்தில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நஷ்டம், கழித்தால் போய்விடும்.

விண்மீனை விட்டுவிட்டு வானத்தின் இருட்டையே அளக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்கை குவாலிட்டி மீட்டர் என்ற கைக்கடக்கமான கருவி இருக்கிறது. உச்சிக்குக் காட்டி அழுத்தினால் சதுர ஆர்க்விநாடிக்கு (ஆர்க்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு) இத்தனை பொலிவெண் என்று ஓர் எண் சொல்லும்: நல்ல இருட்டில் 22, நகரத்தில் 17, 18. ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க இதுபோல் வசதி இல்லை. ஆனால் அடிவானத்தில் எழும் நகர வெளிச்சக் கூம்பு அதற்குத் தெரியாது, தலைக்குமேல் பால்வீதி வந்தால் வானம் வெளுத்துவிட்டதாகச் சொல்லும். ஒருமுறை பார்த்து முடிவெடுக்க 2001ல் ஜான் போர்ட்டில் வகுத்த ஒன்பது படி அளவுகோலும் வெறுங்கண்ணுமே எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், மூன்று உலகிலும் கொஞ்சம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும் என்கிறவருக்கு ரா எடுக்கும் கேமராவைத்தான் சொல்வேன். நடுச்சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அது இன்சிடென்ட் மீட்டர். மேலே திருப்பினால் விண்மீன் அளவி. சரிபார்த்த லக்ஸ் மீட்டரை ஒருமுறை இரவல் வாங்கி ஒத்துப்பார்த்தால் வெள்ளை விளக்கு அறையின் வெளிச்சத்தையும் ஓரளவு சொல்லும். ஆனால் நம்பும் முன் ஒரு சோதனை. சீரான வெளிச்சமுள்ள ஒரு சுவரை, ஃபோகஸ் கெடுத்து, துளையை மாற்றாமல், ஷட்டர் நேரத்தை ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்காக்கி ஏழெட்டுப் படம் எடுங்கள். விளக்கு துடிப்பது ஏமாற்றாமல் இருக்கப் பதினைந்தில் ஒரு விநாடிக்குக் குறையாத நேரத்தில் தொடங்குங்கள். மூடி போட்டு எடுத்த கறுப்புப் படத்தின் எண்ணைக் கழித்த பிறகு, நடுவிலுள்ள பச்சை பிக்சல்களின் சராசரியும் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காக வேண்டும். எந்த எண்ணில் அது இரட்டிப்பாவதை நிறுத்துகிறதோ அதை ஒரு தாளில் எழுதி கேமராப் பைக்குள் போட்டு வையுங்கள், அதற்குமேல் விழுந்த எந்த விண்மீனையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேமரா மெருகேற்றிச் சுருக்கிய ஜேபெக் படங்களை வைத்து இதைச் செய்து பார்த்தால் முதல் படியிலேயே இரட்டிப்பாகாது.